கேட்டது வழி ஒன்றே

சிவனொளிபாதமலை அவிந்துபோன எரிமலைதானோ என்னும் வினாவை ஆண்டுதோறும் யாரேனும் ஒரு மாணாக்கன் என்னிடம் கேளாதிருப்பதில்லை. எஹலியகொட வட்டாரத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு இவ்வையம் எழுவது இயல்பே. குருவிட்ட கடந்து இரத்தினபுரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்த காலைப்பொழுதில், கிழக்கே தொடர்ந்து கிடக்கும் மலைநிரைக்கு மேலாக அச்சிகரம் மட்டும் கூம்பு வடிவாய்த் தனித்து எழுந்து நிற்கும். அதன் தோளில் வெண்முகில் தங்கியிருக்குமாயின், உள்ளிருந்து புகை எழுகின்றதோ என மயங்குதற்கும் இடமுண்டு. பாடப்புத்தகத்தில் யப்பானியரின் பியூஜி மலையையும், அத்திலாந்திக் கடலிலுள்ள தெனரீப் தீவின் தெய்தே மலையையும் படமாகக் கண்ட கண்ணுக்கு, மூன்றும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகளாகவே தோன்றும்.

உண்மை வேறு. இலங்கைத் தீவில் எரிமலை எதுவும் இல்லை. சிவனொளிபாதம் நெருப்பைக் கக்கி வளர்ந்த மலையன்று. புவியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி இறுகிய மிகப் பழைய பாறை, தன்னைச் சூழ்ந்து கிடந்தவையெல்லாம் மழையிலும் காற்றிலும் தேய்ந்து நீங்கியபின் எஞ்சி நிற்பதே அது. அதன் உயரம் 2,243 மீற்றர். தெய்தேயோ மெய்யான எரிமலை. 3,700 மீற்றருக்கும் மேற்பட்டது. ஸ்பெயின் அரசு அதனை 1954ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கிக் காத்துவருகின்றது. நம் மலையைச் சூழ்ந்த காடு அதற்குப் பதினான்கு ஆண்டு முன்னரே, 1940இல், சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் மலைச்சாரல்கள் மொட்டையடிக்கப்பட்டபின் மிஞ்சிய காடு அது; ஏறத்தாழ 224 சதுர கிலோமீற்றர். 2010இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்த்தது.

தெய்தேயை ஈண்டு இழுத்து வந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. அம்மலை நிற்பது மொரொக்கோ நாட்டுக் கரைக்கு அப்பாலுள்ள கடலில். அந்த மொரொக்கோவில் பிறந்த ஒருவர், ஒப்பளவில் தம் நாட்டுக்கு அணித்தாயிருந்த அவ்வெரிமலையை ஒருநாளும் காணாது, உலகின் இக்கோடியிலிருந்த நம் மலையைத் தேடிவந்து, 1344ஆம் ஆண்டில் ஏறிக் கண்டு சென்றார். அவரே இப்னு பதூதா. அவர் பெயரைக் கேளாதார் நம்முள் அரியர். பாடசாலைச் சரித்திரப் புத்தகத்தில் அவர் வருகையை ஒரு வரியிற் படித்து மறவாதாரும் அரியர். அவ்வொரு வரிக்குப் பின்னே நிற்கும் மனிதரை அறிதல் நன்று.

1304ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில், தாஞ்சியர் என்னும் துறைமுக நகரிலே, காதிகளாக, அஃதாவது இஸ்லாமியச் சட்ட நீதிபதிகளாக, விளங்கிய பெர்பர்க் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். குலத்தொழிலுக்கேற்ற சட்டக் கல்வி பெற்றார். 1325 யூன் மாதத்தில், இருபத்தொரு வயதினராய், மக்கா யாத்திரையை எண்ணித் தன்னந்தனியே வீட்டைவிட்டுப் புறப்பட்டார். துணைவரும் இலர், வணிகக் கூட்டமும் இல்லை. தாயும் தந்தையும் உயிரோடிருந்தனர். அவர்களைப் பிரிந்ததனால் உற்ற துயரை முதுமையிலும் அவர் மறந்தாரல்லர்.

எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் ஒரு துறவியைக் கண்டார். இந்தியாவிலும் சிந்துவிலும் சீனத்திலும் வாழ்ந்த தம் சகோதரர் மூவரைச் சந்திக்குங்கால் தம் வாழ்த்தைக் கூறுமாறு அத்துறவி அவரிடம் சொல்லிவைத்தார். மக்காவுக்கு மேல் ஓரடியும் எடுத்துவைக்க எண்ணியிராத இளைஞரின் நெஞ்சில் அச்சொல் விதையாய் விழுந்தது. 1326இல் மக்காவைக் கண்டபின் அவர் வீடு திரும்பவில்லை. ஈராக்கு, பாரசீகம், ஏமன், கிழக்காபிரிக்கக் கரை, துருக்கி நாடு, தாத்தாரியரின் புல்வெளிகள், கொன்ஸ்தாந்திநோபிள் என்று சுற்றி, 1333 செப்டெம்பரில் சிந்து நதியை அடைந்தார்.

அக்காலத்தில் தில்லியை ஆண்டவன் முகம்மது பின் துக்ளக்கு. கொடையிலும் கொலையிலும் ஒருங்கே கை ஓயாதவன் அவன். பிறநாட்டறிஞரைப் பெரிதும் விரும்பிய அம்மன்னன் இப்னு பதூதாவைத் தில்லியின் காதியாக்கினான். ஆண்டுக்குப் பன்னீராயிரம் தினார் சம்பளமும் தந்தான். அது போதவில்லை. 55,000 தினார் கடன்பட்டார், அக்கடனைத் தீர்க்குமாறு மன்னனைப் பாட்டெழுதி வேண்டினார், பெற்றும் கொண்டார். நம் பழம்புலவர் சிலரும் இதனைச் செய்தவரே. ஆயினும் அவர்கள் வயிற்றுக்கில்லாது பாடினர். இவர் ஆடம்பரத்திற்குப் பாடினார் என்னும் வேற்றுமையை மறைத்தல் தகாது.

இவ்விடத்தில் என் கருத்தை ஒளியாது கூறிவிடுகின்றேன். இப்னு பதூதா மாசற்ற மாமனிதர் அல்லர். சென்ற நாடுதோறும் மணந்தார், புறப்படுங்காலத்து மணமுறித்தார், பெற்ற பிள்ளைகளை அங்கங்கே விட்டு நடந்தார். எந்த அரண்மனையிற் புகுந்தாலும் தமக்குக் கிடைத்த அங்கி எத்தகையது, குதிரை எத்தனை, பொன் எவ்வளவு என்று கணக்கெடுப்பதில் அவருக்கிருந்த விருப்பம் பெரிது. முதுமையில் ஆபிரிக்காவின் மாலி நாட்டுக்குச் சென்றபோது, அந்நாட்டரசன் அனுப்பிய வரவேற்புப் பரிசு மூன்று உரொட்டியும் ஒரு துண்டு பொரித்த மாட்டிறைச்சியும் ஒரு குடுவைத் தயிருமாயிருக்கக் கண்டு நகைத்ததையும், பின்னர் அரசவையிலேயே அக்குறையை எடுத்துரைத்ததையும் அவரே நாணமின்றிப் பதிவுசெய்திருக்கின்றார். இக்குணத்தை வாசகர் மனத்திலிருத்திக்கொள்ளல் வேண்டும். அவர் நம் தீவில் நடந்துகொண்ட முறையின் அருமை அப்போதுதான் விளங்கும்.

தில்லியில் ஒருமுறை அரசன் ஐயத்துக்கு ஆளாகிக் காவலில் வைக்கப்பட்டார். உயிர் தப்பியபின் உடைமைகளையெல்லாம் வழங்கிவிட்டு, ஒரு தவசியிடம் ஐந்து மாதம் தொண்டராயிருந்தார். அப்போது மன்னன் மீண்டும் அழைத்துச் சீனப் பேரரசனிடம் தூது செல்லுமாறு பணித்தான். பெரும் பரிசுப் பொருள்களோடு புறப்பட்ட தூதுக்குழு கோழிக்கோட்டுத் துறையில் புயலிற் சிக்கியது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகக் கரையில் தங்கியமையால் இவர் உயிர் பிழைத்தார். பரிசேற்றிய மரக்கலம் நொறுங்கியது. இவர் உடைமைகளை ஏற்றிய கலமோ இவரைக் கரையில் விட்டுக் கடலோடியது. ஒரு தொழுகை விரிப்பும் பத்துப் பொற்காசுமே கையில் எஞ்சின. வெறுங்கையோடு தில்லி மீண்டால் தலை தப்பாது. அலைந்து திரிந்து மாலைத்தீவை அடைந்து, அங்கும் காதியாகி, நால்வரை மணந்து, அமைச்சனோடு பகைத்து, 1344 ஆகத்தில் மாபார் என்று அராபியர் அழைத்த தமிழ்நாட்டுக் கரைக்குக் கப்பலேறினார். அக்காலத்தில் மதுரையை ஆண்ட சுல்தானுக்கும் இவருக்கும் மணவழியால் உறவு உண்டு.

காற்றோ வேறு திசையிற் கொண்டுசென்றது. ஒன்பதாம் நாள் கண்முன் தோன்றிய மலை, புகைத்தூண் ஒன்று வானளாவி நிற்பது போலிருந்ததென அவர் கூறுவர். எங்கள் மாணாக்கரின் மயக்கம் அறுநூற்றெண்பது ஆண்டுப் பழமையுடையது என்று நான் சொல்வதுண்டு.

கரையை நெருங்கியதும் மாலுமிகள் அஞ்சினர். அத்துறை கடலிற் கலஞ்செலுத்திக் கொள்ளையிடும் மன்னனுடையது என்பது அவர்கள் கூற்று. இப்னு பதூதா தாமே இறங்கிச் சென்றார். மதுரைச் சுல்தானின் உறவினரெனவும், கப்பலிலிருப்பது அவனுக்குரிய காணிக்கை எனவும் அறிவித்தார். காவலர் மன்னனிடம் செய்தி உரைத்தனர். மன்னன் அழைத்தான். பத்தலா என அவர் குறிக்கும் அவ்வூர் புத்தளம். மரத்தாலாய மதிலும் மரக் கோபுரங்களும் உடையதாயிருந்தது. மலையருவிகள் அடித்துவந்து கடற்கரையெங்கும் குவித்த கறுவாக் கட்டைகளை மாபார், மலையாள நாட்டார் விலையின்றி அள்ளிச் சென்றனர். மன்னனுக்குத் துணியும் அதுபோன்றனவும் கையுறையாகத் தந்தனர்.

அம்மன்னனே ஆரியச் சக்கரவர்த்தி, யாழ்ப்பாணத்துத் தமிழ் வேந்தன். பயணி அவனை ஐரி சகர்வதி என எழுதினார். மார்த்தாண்ட சிங்கையாரியனே இவன் என்று கொள்வர் வரலாற்றாசிரியர் பலர். முத்துக்குளிப்புக் காலமாதலின், குவிந்து கிடந்த முத்துக்களைத் தரம்பிரிக்கும் வேலை அவன் முன்னிலையில் நடந்துகொண்டிருந்தது. இத்தமிழ் மன்னன் பாரசீக மொழியை அறிந்திருந்தான். கடல்வாணிகம் செய்தோர்க்கு அக்காலத்தில் அம்மொழி இன்றியமையாதது. மொரொக்கோக்காரர் ஒருவரும் தமிழரசன் ஒருவனும் இருவர்க்கும் தாய்மொழியல்லாத மூன்றாம் மொழியொன்றில் அளவளாவினர். பிறநாட்டுக் கதைகளைக் கேட்டு மன்னன் மகிழ்ந்தான். மூன்று நாள் விருந்தோம்பினான். முத்துக்களை அள்ளித் தந்து, வேண்டுவதை நாணாது கேட்கலாமென்றான்.

தில்லியில் பாட்டெழுதிப் பொன் பெற்றவர் இவர். கோழிக்கோட்டுக் கடலில் அனைத்தையும் இழந்து நெடுங்காலமும் ஆகவில்லை. கேட்பதற்கு எத்தனையோ இருந்தன. அவர் கேட்டதோ ஒன்றே: ஆதாமின் பாதத்தைக் கண்டுவர வழி வேண்டும். இத்தீவில் கால்வைத்தது முதல் தமக்கு வேறு ஆசையில்லை என்றார். சுவர்க்கத்தினின்று நீங்கிய ஆதிபிதா முதன்முதல் அடிவைத்த இடம் இம்மலையென்பது இஸ்லாமிய மரபு. சைவர்க்கு அது சிவன் பாதம். பௌத்தர்க்குப் புத்தர் பாதம். கிறித்தவருட் சிலர்க்குத் தோமையரின் பாதம்.

வேற்றுச் சமயத்தவரின் இவ்வேண்டுகோளை மன்னன் எளிதிற் கொண்டான். தன் அடிமைகள் சுமக்கும் பல்லக்கு ஒன்றைத் தந்தான். ஆண்டுதோறும் பாதயாத்திரை செல்லும் யோகியர் நால்வரையும், அந்தணர் மூவரையும், தன் பரிவாரத்தார் பதின்மரையும், உணவு சுமக்கப் பதினைவரையும் உடன் அனுப்பினான். ஆதாமைத் தேடிச் சென்ற முஸ்லிமுக்குச் சிவனடியார் வழிகாட்டிச் சென்றனர். இதனை அவர் வியப்பாகவே எழுதவில்லை. அன்றைய மலைவழியில் அது வழக்கமாயிருந்தது போலும்.

பட்டியலின் இறுதியில் நிற்கும் அந்தப் பதினைந்து சுமைகாரரையும், பல்லக்குத் தூக்கிய தோள்களையும் வாசிக்கும்போதெல்லாம் என் மனம் அங்கே நின்றுவிடும். அவர்கள் பெயரை நூல் கூறவில்லை. நான் வாழ்வது றப்பர்த் தோட்டங்களின் நடுவே. பால்வாளி சுமந்த தோளையும் கொழுந்துக்கூடை சுமந்த தலையையும் அன்றாடம் காண்பவன். இன்றும் யாத்திரைக் காலத்தில் மலைப்படிகளில் கடைச்சாமான்களையும் கட்டடப் பொருள்களையும் முதுகிலேற்றி மூச்சிரைக்க ஏறிச் செல்லும் மனிதரைக் காணாமல் எவரும் அம்மலையினின்று இறங்குவதில்லை. பயணியின் பெயர் நிற்கப் பல பெயரறியாத் தோள்கள் வேண்டியிருந்தன.

இன்னொன்றும் இவ்விடத்திற் சொல்லத்தக்கது. இம்மலைநாட்டுக்குத் தமிழ் கோப்பிக்கன்றோடு வந்திறங்கியதென்பது பொதுவான எண்ணம். எங்கள் தோட்டத்து மக்களின் முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் வந்தவர்களே, அதனை மறைப்பதற்கில்லை. வந்து நாலைந்து தலைமுறை கழிந்த பின்னும், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டதும், எஞ்சியோரின் குறை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே நீங்கியதும் யாவரும் அறிந்தவை. ஆயினும் மொழி மக்களுக்கு முன்னரே வந்துவிட்டது. சபரகமுவையைச் சேர்ந்த கேகாலை மாவட்டத்தில் கொட்டகம என்னுமிடத்தில் ஆரியச் சக்கரவர்த்தியின் வெற்றியைப் பாடும் தமிழ்க் கல்வெட்டொன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. தமிழ்மன்னன் ஒருவனின் ஆணையோடு யாத்திரைக் கூட்டமொன்று இம்மலைக்குப் பாதுகாப்பாக வந்து மீண்ட செய்தியை அக்கல்லோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். என் மாணாக்கருக்கு நான் இதனைச் சொல்வது பெருமையடிப்பதற்காக அன்று. தாம் பேசும் மொழி இம்மண்ணுக்குப் புதியதென எண்ணி அவர்கள் குன்றிவிடலாகாதென்பதற்காக.

யாத்திரையின் தொடக்கத்தில் மூங்கிலாற் கட்டிய ஓடத்தில் ஓர் ஆற்றைக் கடந்தனர். சிலாபமென்று கருதப்படும் ஊரைத் தாண்டியதும் நீர்நிலைகளும் காடும் நிறைந்த கரடுமுரடான நிலம். யானைகள் திரிந்தன, யாத்திரிகரை அவை தீண்டுவதில்லை என்றனர் உடன்சென்றோர். சீராசு நகரத்துப் பெரியார் இப்னு கபீபு என்பவரே அவ்வழியை முதலில் திறந்தவர் என்றும், பசி தாளாது யானைக்கன்றைக் கொன்று தின்ற அவர் தொண்டர்களை இரவில் யானைகள் மோந்து மோந்து பார்த்துக் கொன்றன என்றும், உண்ணாதிருந்த அவரை மட்டும் துதிக்கையாலெடுத்து முதுகிலேற்றி ஊரிற் கொண்டுபோய் விட்டன என்றும் ஒரு கதை வழங்கியது. அப்பெரியார் 982இல் காலமானவர். கதை கதையே, ஆனால் வழியின் பழமைக்கு அது சான்று.

பின்னர்க் குனகார் என்னும் தலைநகர். அது குருநாகலோ கம்பளையோ என்று ஆராய்ச்சியாளர் வழக்கிட்டுக் கொள்வர். அங்கேதான் மாணிக்கக் கற்களைப் பற்றிய அவர் வருணனை வருகின்றது. இரத்தினபுரி மாவட்டத்திலுள்ளோர் அதனைப் படித்தால் நேற்றெழுதியதென்றே எண்ணுவர். நிலத்தை வாங்கியவர் தோண்டுவர். உட்புழையுள்ள வெண்கற்களுக்குள் மாணிக்கம் இருக்கும். கல்வெட்டுவோர் பட்டைதீட்டிப் பிரித்தெடுப்பர். நூறு பணத்துக்கு மேற்பட்ட விலையுடைய கல் அரசனுக்குரியது, அதற்கவன் விலை தருவான்; குறைந்தது தோண்டியவருக்கே. பெண்டிர் பலநிறக் கற்களைக் கோத்துக் கழுத்திலும் கையிலும் காலிலும் அணிந்திருந்தனர். அரசனின் வெள்ளை யானை நெற்றியில் கோழிமுட்டையினும் பெரிய ஏழு மாணிக்கங்களைக் கண்டார். ஆரியச் சக்கரவர்த்தியிடம் உள்ளங்கையளவான மாணிக்கக் கிண்ணத்தில் அகில் எண்ணெய் இருந்ததையும் இதனோடு சேர்த்துரைக்கின்றார். இவ்விடத்தில் மட்டும் பழைய இப்னு பதூதா தலைகாட்டுகின்றார்; விலைமதிப்பைக் கூறாது விடுவதில்லை.

மலையை நெருங்க நெருங்க எழுத்து உயிர்பெறுகின்றது. கரிய நிறமும் நீண்ட வாலும், ஆணுக்கு மனிதரைப் போன்ற தாடியுமுடைய குரங்குகளைக் காட்டில் கண்டார். அவற்றுக்கு இலைமுடி தரித்த தலைவன் உண்டென்றும், தடியேந்திய நான்கு குரங்குகள் அவனைச் சூழ்ந்து நிற்குமென்றும் கேட்டதை அப்படியே எழுதினார். உள்ளங்கையளவான செம்மலர்களையும் கண்டார். இந்நாட்டு உயர்மலைக் காடுகளில் சிவக்கப் பூக்கும் ரொடொடென்ட்ரன் மரத்தின் பூ நினைவுக்கு வருகின்றது.

அப்பால் அட்டை. நீரருகே மரத்திலும் புல்லிலும் இருந்து மனிதர்மேற் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும் என்றும், ஒட்டிய இடத்தில் குருதி பெருகுமென்றும், அதற்கென மக்கள் எலுமிச்சம்பழம் வைத்திருந்து பிழிய அது கழன்று விழுமென்றும், பின்னர் மரக்கத்தியால் அவ்விடத்தைச் சுரண்டுவரென்றும் எழுதினார். பலாபத்தல வழியே நான் மலையேறியபோதெல்லாம் தேசிக்காய் ஒன்று என் மடியிலிருந்தது. எங்கள் தோட்டத்துப் பெண்கள் சவர்க்காரத்தையும் உப்பையும் காலிற் பூசுவர். அவர் சீனஞ் சென்றது மெய்தானோ என ஐயுறும் அறிஞர் உளர். அதனை அவர்கள் ஆராயட்டும். இவ்வட்டையை எழுதியவர் சபரகமுவக் காட்டில் நடவாது எழுதினாரென்று எவரேனும் சொன்னால், அவர்தாம் இக்காட்டில் நடவாதவர்.

பாதத்துக்கு இரு வழிகள் இருந்தன. ஒன்று பாபா வழி, மற்றொன்று மாமா வழி. அவை ஆதாமையும் ஏவாளையும் குறிப்பன. மாமா வழி எளிது. திரும்புவோர் அதனாற் செல்வர். ஏறுவதற்கும் அதனையே கொண்டவர் யாத்திரை செய்தவராகவே மதிக்கப்படார். பாபா வழி செங்குத்தானது. முன்னோர் பாறையிற் படி வெட்டி, இரும்பு முளைகள் அறைந்து, பற்றி ஏறச் சங்கிலிகள் தொங்கவிட்டிருந்தனர். மொத்தம் பத்துச் சங்கிலி. பத்தாவதன் பெயர் கலிமாச் சங்கிலி. அதனை எட்டியவர் கீழே நோக்கித் தலைசுற்றி, விழுந்துவிடுவோமென்னும் அச்சத்தால் கலிமாவை ஓதுவராதலின் அப்பெயர். அதன்பின் கிழுறு நபியின் பெயரால் வழங்கும் குகையும், மீன் நிறைந்த சுனையும். அங்கே மூட்டைமுடிச்சுகளை வைத்துவிட்டு மேலேறுவர்.

பாதம் அகன்ற வெளியிலே உயர்ந்த கரும்பாறையொன்றில் பதிந்திருந்தது. நீளம் பதினொரு சாண். பெருவிரற் பகுதியைப் பண்டு சீனர் வெட்டியெடுத்துத் தம் நாட்டுச் சைத்தூன் நகரக் கோயிலில் வைத்துக்கொண்டனர் என்று அவரிடம் சொன்னார்கள். சீனருக்கும் இத்தீவுக்கும் இருந்த தொடர்பு வெறுங்கதையன்று. காலியில் 1911இல் கிடைத்த, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் சீனக் கல்வெட்டு மூன்று மொழிகளிலே அமைந்தது: சீனம், தமிழ், பாரசீகம். புத்தளத்து அரண்மனையில் கேட்ட இரு மொழிகளும் அக்கல்லில் அருகருகே நிற்கின்றன.

பாறையிலே ஒன்பது குழிகள் வெட்டப்பட்டிருந்தன. யாத்திரிகர் அவற்றில் பொன்னும் மாணிக்கமும் முத்தும் இடுவர். குகையை அடைந்த பக்கிரிகள் அவற்றை முந்தியெடுக்க ஒருவரோடொருவர் போட்டியிட்டு ஓடுவதும் உண்டாம். இவர் கூட்டத்தார் சென்றபோது சில கற்களும் சிறிது பொன்னுமே இருந்தன. அவற்றை வழிகாட்டியிடம் கொடுத்துவிட்டனர். மூன்று நாள் குகையில் தங்கிக் காலையும் மாலையும் பாதத்தைத் தரிசித்தல் மரபு, அவ்வாறே செய்தனர். என் கணிப்பில், இருபத்துநான்கு ஆண்டு அலைச்சலில் அவர் எதனையும் பெறாது மனநிறைவோடு தங்கிய இடங்கள் மிகச் சில. இது அவற்றுள் ஒன்று.

இறங்கும் வழியில் இலையுதிரா மரமொன்று இருந்தது. அதன் இலையை உண்டவர் முதுமை நீங்கி இளமை பெறுவரென நம்பி, இலை எப்போது விழுமெனக் கீழே காத்திருந்த யோகியரைக் கண்டார். அதனை அவர் நம்பவில்லை.

தெவிநுவரைப் பெருங்கோயில், காலி, கொழும்பு ஆகியவற்றைக் கண்டு புத்தளம் மீண்டு, மாபாருக்குக் கலமேறினார். கலம் கரைக்கருகே உடைந்தது; உயிர் தப்பினார். மதுரைச் சுல்தான் கியாசுத்தீன், பிடிபட்ட ஊர்மக்களைக் கழுவேற்றியதையும், பெண்டிரையும் பிள்ளைகளையும் கொன்றதையும் நேரிற் கண்டு வெறுத்தார். தம் உறவினன், தம் மதத்தவன் என்று அக்கொடுமையை அவர் மூடிமறைக்கவில்லை. பிறசமயத்து ஆரியச் சக்கரவர்த்தியின் பண்பை எழுதிய அதே கை இதனையும் எழுதிற்று. மதுரையிற் பரவிய கொள்ளைநோய்க் காலத்தில் கொடுங்காய்ச்சல் கண்டபோது, புளியை நீரிற் கரைத்துக் குடித்து, மூன்று நாள் வயிறு கழிந்து தேறினார். நம் பாட்டிமார் கேட்டால் மகிழ்வர்.

கொல்லத்திலிருந்து வடக்கே சென்றபோது கடற்கொள்ளையர் பன்னிரு கலங்களோடு சூழ்ந்தனர். இலங்கை மன்னன் தந்த முத்துக்களும் மாணிக்கங்களும் பறிபோயின. உடுத்த கீழாடை தவிர யாதும் எஞ்சவில்லை. ஆகவே அவர் பின்னர்ச் சொன்னவை யாவும் நினைவிலிருந்து சொன்னவை.

வங்காளம், சுமாத்திரா, சீனம் கண்டு 1348இல் தமாசுக்கசு திரும்பியபோது, தந்தை இறந்து பதினைந்து ஆண்டு கழிந்ததை அறிந்தார். அந்நகரில் விட்டுச்சென்ற, தாம் முகங்கண்டறியாத மகன் பன்னிரண்டு ஆண்டு முன்னரே இறந்திருந்தான். கரிய மரணமென்னும் கொள்ளைநோய் அப்போது உலகை வாரிக்கொண்டிருந்தது. 1349இல் மொரொக்கோ சேர்ந்தார். தாயும் சில திங்களுக்கு முன் அந்நோயால் மாண்டிருந்தாள். கால் ஓயவில்லை, கிரனாதாவும் மாலியும் சென்று மீண்டார். நடந்தும் கலமேறியும் அவர் கடந்த தூரம் சுமார் 1,17,000 கிலோமீற்றர் என மதிப்பிடுவர்.

மொரொக்கோச் சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி, இப்னு யுசய் என்னும் புலவர் அவர் சொல்லச் சொல்லக் கேட்டெழுதினார். 1355 திசெம்பரில் நூல் முடிந்தது. பின்னர் ஏதோ ஓர் ஊரில் காதியாயிருந்து, 1368 அல்லது 1369இல் அவர் காலமானார். நூல் ஐந்நூறு ஆண்டளவு மேற்குலகறியாது கிடந்தது. 1829இல் சாமுவேல் லீ என்பார் சுருக்கப் பிரதியொன்றை ஆங்கிலமாக்கினார். அல்சீரியாவைப் பிரெஞ்சியர் கைப்பற்றியபின் கிடைத்த கையெழுத்துப் பிரதிகளைக் கொண்டு, தெபிரேமரி, சங்குயினெத்தி என்னும் இருவர் 1853 முதல் 1858 வரை முழுநூலையும் அரபு மூலத்தோடு பாரிசில் அச்சிட்டனர். யாழ்ப்பாணத்து மன்னன் பெயரும், எலுமிச்சம்பழத்துக்குக் கழன்று விழும் எங்கள் அட்டையும் அந்நூலிலே அச்சேறின.